828 அறுகோணம், ஒரு பழைய புடவை: வெட்டுத்துணிப் போர்வை ஒருவழியா முடிஞ்சது

போர்வை முடிஞ்சு, துவைச்சு, காஞ்சு, கட்டில்ல விரிச்சாச்சுங்க. அகலம் 58½ அங்குலம், நீளம் 80 சொச்சம், டைலர் கடை வெட்டுத்துணியும் வீட்டுல கிடந்த பழைய துணியும் தான் முக்காவாசி, ஒரே ஒரு இடம் தவிர மத்ததெல்லாம் கைத்தையல். மேல்துணிய, அதாவது துண்டெல்லாம் சேர்த்த மேல் அடுக்க, தைச்சு முடிச்சது எப்பவோ, அது பாட்டுக்கு பீரோ மேல்தட்டுல மடிஞ்சு கிடந்துச்சு, ஏன்னா துண்ட துண்டோட சேர்க்கிறது எப்படின்னு காட்ட வீடியோ எக்கச்சக்கமா இருக்கு, அதுக்கப்புறம் அத போர்வையாக்குறது எப்படின்னு நம்ம கடையில கிடைக்கிற சாமான வச்சு காட்டுறவங்க ரொம்பக் கம்மி. அதனால இதுல மேல்துணி பத்தி கொஞ்சமாவும் முடிக்கிற வேலை பத்தி நிறையவும் எழுதப்போறேன். ஆனா முடிக்கிறப்ப வந்த தலைவலியில பாதி, முதல் துண்ட வெட்டுறப்பவே யோசிச்சிருக்க வேண்டியது, அதனால அங்கிருந்தே வர்றேன்.

துணி எங்க தெரு டைலர் அக்கா கொடுத்தது. ஜாக்கெட் வெட்டுன மிச்சம் தான் அதிகம், டூ பை டூ ரூபியா, காட்டன் லைனிங், சுடிதார் துண்டு, ரெண்டு மூணு சுங்குடிப் பிட்டு. ஈரோட்டுல இருந்துக்கிட்டு துணிக்கு பஞ்சமான்னு கேப்பீங்க, பஞ்சமே இல்ல, எத வேண்டாம்னு சொல்றதுங்கிறது தான் பிரச்சனை. திருப்பூர் பக்கத்துலயே இருக்கிறதால பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையா கிடைக்கும், பாக்க கலர் கலரா ஆசையா இருக்கும், ஆனா அது இழுத்தா நீளும், பேப்பர் மேல மடிச்சா முனை நிக்காது, பக்கத்துல சாதா காட்டன் இருந்தா அது சுருங்குற மாதிரி இது சுருங்காது. எல்லாத்தையும் ஒதுக்கிட்டேன். அப்புறம் பாலியஸ்டர் கலந்ததா இல்லையான்னு சந்தேகம் வர்ற துண்டுல இருந்து நாலு இழை உருவி, இடுக்கியில பிடிச்சு தீக்குச்சி காட்டிப் பாத்தேன். காட்டன்னா பேப்பர் எரியுற வாசம் வரும், சாம்பல் மெத்துனு உதிரும். பாலியஸ்டர்னா உருகி கடைசியில கருப்பா ஒரு கெட்டி உருண்டை நிக்கும். பாத்ரூம்ல வாளித் தண்ணி பக்கத்துல வச்சுக்கிட்டு செய்யுங்க, துணி மூட்டை பக்கத்துல உக்காந்து வேண்டாம்.

பேப்பர் மேல துணிய மடிச்சு, ஓரத்தோட ஓரம் சேர்த்து தைக்கிற முறை இது. பக்கம் 1½ அங்குலம் வர்ற அறுகோணம். முனைக்கு முனை 3 அங்குலம், தட்டைப் பக்கத்துல இருந்து தட்டைப் பக்கம் 2.6 அங்குலம். பேப்பருக்கு நான் வச்சது பழைய கல்யாணப் பத்திரிகை. கெட்டியும் இல்லாம தொளதொளன்னும் இல்லாம அட்டை சரியான பதத்துல இருக்கும், வீட்டுல ஒரு கட்டு எப்பவும் இருக்கும். வெல்வெட் ஒட்டுனது, ஜிகினா தூவுனது, மூணு மடிப்பு பெட்டி மாதிரி வர்றது இதெல்லாம் ஆகாது, சாதா பத்திரிகை தான் சரி. இங்கிலாந்துல பழைய போர்வைகள்ல பிரிக்காம விட்ட பேப்பர் உள்ளயே இருக்கும், கடுதாசி, செய்தித்தாள், கணக்கு நோட்டுன்னு, அதுல இருக்கிற தேதிய வச்சுத்தான் இந்தத் துணி எந்த வருஷத்துக்கு அப்புறம் தைச்சதுன்னு கணிப்பாங்க. என்னோடதுல பேப்பர உரிக்காம விட்டிருந்தா, எவனாவது பிரிச்சுப் பாக்குறப்ப மங்களகரமான சுபகிருது வருஷம்னு வரும், நல்லது தான்.

ஒரு அறுகோணத்துக்கு துணி 3½க்கு 4 அங்குலம் வெட்டுனா சுத்தி மடிக்க 3/8 அங்குலத்துக்குக் குறையாம கிடைக்கும். நாலு பக்கமும் கச்சிதமா வெட்டத் தேவையில்ல, மடிச்சதுக்கு அப்புறம் பின்னாடி எப்படி இருந்தாலும் யாரும் பாக்கப் போறதில்ல. மூலையில மட்டும் துணியோட துணிய பிடிச்சு ரெண்டு குத்து, பேப்பர்ல ஊசி ஏறக்கூடாது. பேப்பர்ல ஏத்தித் தைச்சா கடைசியில உரிக்கிறப்ப நூல வெட்டி வெட்டி எடுக்கணும், பேப்பரும் கிழியும். மூலையில மட்டும் பிடிச்சா பேப்பர் முழுசா வரும், ஒரே பேப்பர நாலஞ்சு தடவை ஓட்டலாம்.

பூ டிசைன் தான் போட்டேன். நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு. ஆறு இதழும் ஒரே துணி. அமெரிக்காவுல 1930கள்ல பணமுடையா இருந்த காலத்துல வீட்டுக்கு வீடு இதத்தான் தைச்சாங்க, பாட்டியின் பூந்தோட்டம்னு அதுக்குப் பேரு. பூவுக்கும் பூவுக்கும் நடுவுல ஒரு வரிசை வழி விடணும். அந்த வழிக்கு நான் காடாத் துணி போட்டேன், வெள்ளைய விட காடாவோட அந்த மங்கல் நிறம் தான் கண்டபடி கலர் இருக்கிற வெட்டுத்துணிய அடக்கி வைக்குது. இந்த அமைப்புல 12 அறுகோணத்துக்கு 7 பூவுக்குப் போகும், 5 காடாவுக்கு. வரிசைக்கு 23, மொத்தம் 36 வரிசை, 828. அதுல காடா மட்டும் 345 கிட்ட வரும். 48 அங்குல அகலத் துணியில அதுக்கு 2.7 மீட்டர் போதும்னு கணக்கு வரும், ஆனா 3½ மீட்டர் வாங்குங்க, ஏன்னா காடாவுல கஞ்சி இருக்கும், நனைச்சா சுருங்கும். சுடுதண்ணியில ராத்திரி பூரா ஊறப்போட்டு அலசி காயவச்சு தேய்ச்சதுக்கு அப்புறம் தான் கத்திரிக்கோல் வைக்கணும். ஊறுன தண்ணிய பாத்தா தெரியும், வடிச்ச கஞ்சி நிறத்துல இருந்துச்சு.

சேர்க்கிற தையல் பத்தி ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். ரெண்டு அறுகோணத்த முகத்தோட முகம் வச்சு, மடிப்போட விளிம்புல ரெண்டு இழைய மட்டும் ஊசி நுனியில எடுத்து சுத்திச் சுத்தி தைக்கணும். அட்டை ஊசியில தட்டுப்படணும், ஆனா அட்டைக்குள்ள போகக்கூடாது. அங்குலத்துக்கு 14, 15 தையல் விழுந்தா முன்பக்கம் நூல் தெரியாது. நூல் 18 அங்குலத்துக்கு மேல எடுத்தா சிக்கு தான், நாட்டு மருந்துக் கடையில தேன்மெழுகு ஒரு துண்டு வாங்கி அதுல ஒரு இழு இழுத்துட்டா முறுக்கு விழாது. எல்லா கலருக்கும் ஒரே சாம்பல் நூல் தான் போட்டேன், எதுலயும் துருத்தல. பஸ்ல, பொண்ணு பாட்டு கிளாஸ் வாசல்ல, ரேஷன் கடை வரிசையிலன்னு எல்லா இடத்துலயும் தைச்சேன், அது தான் இந்த முறையோட பெரிய லாபம், ஒரு சோப்பு டப்பாவுக்குள்ள மொத்த வேலையும் அடங்கிடும். டைலர் அக்கா மட்டும் பாக்குறப்பல்லாம் "ஏங்கண்ணு, முழுத் துணிய நான் வெட்டித் தள்ளுறேன், நீ அத மறுக்கா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற"ம்பாங்க.

சரி, இப்ப பீரோவுல இருந்து எடுத்தாச்சு. முதல் வேலை பேப்பர உரிக்கிறது. சுத்தி ஆறு பக்கமும் தைச்சு முடிஞ்ச அறுகோணத்துல இருந்து மட்டும் தான் எடுக்கணும், ஓரத்துல இருக்கிறதுல அப்படியே விட்டுட்டு பின்பக்கமா தேய்ச்சு மடிப்பு படிஞ்சதுக்கு அப்புறம் எடுத்தா ஓரம் குலையாது. உரிச்சதும் துணிய வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. கருநீலம், கருப்பு மாதிரி கலர்ல இருந்து பிரிஞ்ச இழை காடாவுக்குப் பின்னாடி போய் படுத்திருக்கும், முன்பக்கம் அழுக்கு மாதிரி கோடா தெரியும். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணின்னு மூணு அடுக்கும் சேர்த்து தைச்சதுக்கு அப்புறம் அத எடுக்கவே முடியாது, அதனால உக்காந்து ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்தேன்.

அடுத்தது ஓரம். அறுகோணம்னா நாலு பக்கமும் தேன்கூட்ட பிச்ச மாதிரி பல்லு பல்லா நிக்கும். அத அப்படியே விட்டு பல்லு பல்லா பட்டி கட்டுறவங்க இருக்காங்க, ஒவ்வொரு உள்மூலையிலயும் பட்டிய மடக்கித் திருப்பணும், ஒரு ஜாண் நீளத்துக்கு தனித் துணியில கட்டிப் பாத்தேன், மூலைக்கு மூலை சுருக்கம், வேண்டாம்டா சாமின்னு விட்டுட்டேன். நேரா வெட்டிடலாம்னு முடிவு. ஆனா இங்க தான் ஒரு முக்கியமான சங்கதி. நம்ம தையல் சுத்துத் தையல், அத குறுக்க வெட்டுனா வெட்டுன இடத்துல இருந்து பிரிய ஆரம்பிச்சிடும். ஒரு மூலையில ஒரே ஒரு அறுகோணத்த மட்டும் வெட்டி லேசா இழுத்துப் பாத்தேன், மூணு தையல் கண்ணு முன்னாடியே கழண்டு வந்துச்சு. அதனால வெட்டப்போற கோட்ட பென்சில்ல போட்டுட்டு, கோட்டுக்கு உள்பக்கமா 1/8 அங்குலம் தள்ளி மெஷின்ல பொடித் தையலா ஒரு ஓட்டு ஓட்டி வாங்கிட்டு வந்தேன். மெஷின் தொட்ட ஒரே இடம் அது தான், அக்கா காசு வாங்கல. அந்தத் தையல் இருந்தா எத்தன அறுகோணத்த குறுக்க வெட்டுனாலும் பிரியாது. ஆனா அப்பவே வெட்டாதீங்க, பல்லோட விட்டு மூணு அடுக்கையும் தைச்சதுக்கு அப்புறம் கடைசியில வெட்டுங்க. பக்கவாட்டுல அரை அறுகோணம் போயிடும், மேலயும் கீழயும் முக்கால் முக்கால் அங்குலம் போகும். 61க்கு 81¾ இருந்தது 58½க்கு 80¼ ஆனது அப்படித்தான்.

அடித்துணிக்கு சென்னிமலை பெட்சீட் ஒண்ணு புதுசா வீட்டுல இருந்துச்சு, கைத்தறி, நல்ல அகலம், இணைப்பு போட வேண்டாம், இதவிட என்ன வேணும்னு அத விரிச்சு ஓரமா கொஞ்சம் தைச்சுப் பாத்தேன். ஊசி ஏறவே இல்ல. ஏறுனாலும் வெளிய இழுக்க விரல் வலிக்குது, ரெண்டு ஊசி வளைஞ்சே போச்சு. பெட்சீட் மேல தப்பில்ல, படுக்க விரிக்கிறதுக்குன்னே கெட்டியா நெய்யுறது அது. கைத்தையல் போர்வைக்கு அடித்துணி எவ்வளவு நைஞ்சு மெலிசா இருக்கோ அவ்வளவு நல்லது. கடைசியில அம்மிச்சியோட பழைய கோவை காட்டன் புடவை தான் கை கொடுத்துச்சு. 5½ மீட்டர் புடவைய குறுக்க சரிபாதியா வெட்டுனா ஒவ்வொண்ணும் 108 அங்குல நீளம். ரெண்டு பக்கமும் பார்டர வெட்டிடணும், அது நெருக்கமா நெய்திருக்கும், துவைச்சா மத்த துணியோட சேர்ந்து சுருங்காது. பார்டர் போக ரெண்டையும் நீளவாக்குல சேர்த்தா 86 அங்குல அகலம் வருது. நமக்கு வேண்டியது மேல்துணிய விட நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதல், அதாவது 69க்கு 90. தாராளமா வந்துச்சு. புடவைய வெட்டுறதுக்கு முன்னாடி வெயில்ல பிடிச்சுப் பாருங்க, உக்காந்து எழுந்து இத்துப்போன இடம் நடுவுல ஒரு பட்டையா தெரியும், அது வெளிய போற மாதிரி வெட்டிக்கணும்.

நடு அடுக்குக்குத் தான் அதிகமா அலைஞ்சேன். இலவம்பஞ்ச பரப்பி தைக்கலாம்னு ஒரு யோசனை வந்து, தலகாணி அளவுக்கு ஒரு மாதிரி தைச்சு துவைச்சுப் பாத்தேன். பஞ்சு மொத்தமும் ஒரு மூலையில போய் உருண்டு நின்னுச்சு. மெத்தைக்கும் தலகாணிக்கும் அது சரி, அத யாரும் தண்ணியில முக்குறதில்ல. பாலியஸ்டர் வேடிங், அதாவது விரிப்பு மாதிரி வர்ற செயற்கைப் பஞ்சு, மலிவு, லேசு, ஊசியும் வழுக்கிட்டுப் போகுது, ஆனா ஈரோட்டு வெயிலுக்கு பாலியஸ்டர மேல போட்டுக்கிட்டு யாரு தூங்குறது. போர்வைக்குன்னே செய்யுற காட்டன் பேட்டிங் ஆன்லைன்ல வருது, நான் பாத்தப்ப ரெண்டாயிரத்த ஒட்டி விலை சொன்னாங்க, வெட்டுத்துணிப் போர்வைக்கு அவ்வளவு போட மனசு வரல. கடைசியில கனி மார்க்கெட்ல பிளானல் துணி வாங்குனேன், குழந்தைக்கு சுத்துற துணி தைப்பாங்களே அதே தான், மீட்டர் 110. 36 அங்குல அகலம், 5 மீட்டர். இதுவும் நல்லா சுருங்கும், ரெண்டு தடவ நனைச்சு காய வச்சுட்டேன். ரெண்டு துண்டையும் சேர்க்கிறப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தக்கூடாது, அங்க மட்டும் தடிப்பா கோடு தெரியும். விளிம்போட விளிம்பு முட்டவச்சு பெருக்கல் குறி போட்ட மாதிரி தொளதொளன்னு தைச்சா போதும்.

மூணையும் அடுக்குறதுக்கு ஹால்ல இருந்த எல்லாத்தையும் வெளிய தள்ளியாச்சு. தரை டைல்ஸ் 2 அடிக்கு 2 அடி, அந்தக் கோடு ரொம்ப உதவியா இருந்துச்சு, புடவை நேரா கிடக்கா கோணலா கிடக்கான்னு அத வச்சே பாத்துக்கலாம். புடவைய பின்பக்கம் மேல வர்ற மாதிரி விரிச்சு, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு தரையோட ஒட்டணும். இறுக்கி இழுத்து ஒட்டக்கூடாது, சுருக்கம் போற அளவுக்கு மட்டும். இழுத்து ஒட்டுனா டேப் எடுத்ததும் துணி சுருங்கி மேல்துணி மடிப்பு மடிப்பா எழும்பும். அதுக்கு மேல பிளானல், கையால நடுவுல இருந்து வெளிய நீவி விட்டு, அதுக்கு மேல மேல்துணி. மின்விசிறிய நிறுத்திடுங்க, சொல்லத் தேவையில்லாத விஷயம் தான், ஆனா சொல்லிடுறேன்.

அப்புறம் மூணையும் தற்காலிகமா பிடிக்கணும். முதல்ல ஊக்கு தான் போட்டேன், நாலு அங்குலத்துக்கு ஒண்ணு, 300 ஊக்கு கிட்ட. வேகமா முடிஞ்சுது. ஆனா ஐப்பசி அடைமழையில போர்வை அப்படியே சுருட்டி வச்சிருந்ததுல மலிவு ஊக்கெல்லாம் துருப்பிடிச்சு காடா மேல செம்பழுப்பு புள்ளி. எலுமிச்சம்பழச் சாறும் பொடி உப்பும் கலந்து புள்ளி மேல மட்டும் தடவி வெயில்ல கொஞ்ச நேரம் காட்டி அலசுனா துரு போயிடும், போச்சு, ஆனா கலர் துணி மேல படாம காடாவுல மட்டும் பண்ணணும், இல்லாட்டி அங்க சாயம் வெளுத்துடும். அப்புறம் ஊக்கெல்லாம் கழட்டிட்டு நூலாலயே பிடிச்சேன், நடுவுல இருந்து ஆரம்பிச்சு நாலு அங்குல இடைவெளியில நீளவாக்குலயும் குறுக்குவாக்குலயும் ரெண்டு அங்குலத் தையலா ஓட்டணும். தரையில மண்டி போட்டு செய்யுற வேலை, முட்டிக்கு அடியில தலகாணி வச்சுக்கோங்க. வெள்ளை நூல் போடுங்க, கலர் நூல் போட்டா பிரிக்கிறப்ப அதோட பொடி இழை காடாவுல நிக்கும்.

இப்ப அசல் தையல். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஆரி வொர்க் பண்றவ, அவ ஸ்டாண்ட கேட்டு வாங்கி அதுல மாட்டுனேன். ஆரிக்கு துணி தட்டுனா சத்தம் வர்ற அளவுக்கு விறைப்பா இருக்கணும். இதுக்கு அது ஆகவே ஆகாதுங்க. ஓட்டுத் தையல்ல ஊசிய மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி ஒரே இழுப்புல மூணு நாலு தையல் ஏத்தணும், அதுக்கு துணி கொஞ்சம் தொய்வா இருக்கணும். விறைப்பா இருந்தா ஒவ்வொரு தையலா குத்தி எடுத்து குத்தி எடுத்து போக வேண்டியது தான். ஸ்டாண்ட திருப்பிக் கொடுத்துட்டு 12 அங்குல மர வளையத்துல மாட்டி, நடுவுல கைய வச்சு அமுக்குனா ஒரு அங்குலம் உள்ள போற அளவுக்கு தளர்த்திக்கிட்டேன். அன்னைக்குத் தான் வேலை ஓட ஆரம்பிச்சுது.

நூல் ஆங்கர் பேர்ல் காட்டன் 8 நம்பர், 10 கிராம் பந்து, ஒரு பந்துல 80 மீட்டருக்கு மேல இருக்கும். சாதா தையல் நூல விட தடிமன், அதனால தையல் பொடிசா விழ வேண்டியதில்ல, அங்குலத்துக்கு நாலு அஞ்சு போதும், நேரா விழுந்தா அதுவே ஒரு அலங்காரம். ஊசி போனி எம்ப்ராய்டரி ஊசி, கண்ணு நீளமா இருக்கணும், இல்லாட்டி இந்த நூல் கோக்காது. திம்பிள், அதான் விரல் நுனியில மாட்டுற தொப்பி, அது இல்லாம தைக்கலாம்னு நினைக்காதீங்க, நடுவிரல்ல ஊசியோட பின்பக்கம் ஏறி ஏறி ஓட்டை விழுந்துடும். உலோகத் திம்பிள் பழகுற வரைக்கும் விரல்ல பிளாஸ்திரி ஒட்டி ஓட்டுனேன்.

முடிச்சு ரெண்டு பக்கமும் தெரியக்கூடாது. தையல் ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி மேல்துணியில மட்டும் ஊசிய ஏத்தி, பிளானலுக்குள்ளயே ஓட்டி, வேணுங்கிற இடத்துல வெளிய எடுத்து, லேசா சொடுக்கி இழுத்தா முடிச்சு டக்குனு உள்ள போயி உக்காந்துக்கும். ரொம்ப இழுத்தா நூல் முழுசா கையோட வந்துடும், முதல் நாள் பூரா அது தான் நடந்துச்சு.

எங்க தைக்கிறதுங்கிறதுக்கு முதல்ல போட்ட திட்டம் ஒவ்வொரு அறுகோணத்துக்கு உள்ளயும் கால் அங்குலம் தள்ளி இன்னொரு அறுகோணம். பாக்க அழகு தான். ஆனா பின்பக்கம் மடிச்ச ஓரம் 3/8 அங்குலம் இருக்குதுல்ல, கால் அங்குலத்துல தைச்சா அந்த மடிப்பையும் சேர்த்து குத்தணும், நாலு அடுக்கு. தவிர 828 அறுகோணத்துக்கும் அப்படிப் போனா நூலே 180 மீட்டர் தாண்டும். ஒரு ஓரம் தைச்சுட்டு நிறுத்தி, மாத்துனேன். ஒவ்வொரு பூவையும் சுத்தி காடாப் பக்கமா ½ அங்குலம் தள்ளி ஒரு சுத்து, நடு அறுகோணத்துக்குள்ள அதே மாதிரி ½ அங்குலம் தள்ளி ஒண்ணு, அவ்வளவு தான். ½ அங்குலம் தள்ளுனதால மடிப்பு ஊசியில மாட்டல. பூ மட்டும் லேசா உப்பி நிக்குது, காடா வழி பள்ளமா இறங்கியிருக்கு, நான் நினைச்சத விட இது தான் நல்லா இருக்கு. முதல்ல தைச்ச ஓரத்த பிரிக்கல, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன், காலடிப் பக்கம் தான் வருது.

பட்டி கட்டுறது சீக்கிரம் முடிஞ்சுது. ஓரம் நேரா இருக்கிறதால கிராஸ் பீஸா, அதாவது இழைக்கு சாய்வா, வெட்டத் தேவையில்ல, நேர் இழையிலயே 2½ அங்குலப் பட்டி வெட்டி, குறுக்கிணைப்பா சேர்த்து, ரெண்டா மடிச்சு தேய்ச்சு, முன்பக்கம் ஓட்டி பின்பக்கம் எம்மிங் பண்ணிட்டேன். சுத்தளவு 278 அங்குலம், இணைப்புக்கும் மூலைக்கும் சேர்த்து 290 வச்சுக்கோங்க, 36 அங்குல பாப்ளின்ல 9 பட்டி. புடவை மிச்சமே நிறைய இருந்துச்சு, ஆனா போர்வையில முதல்ல தேயுறது ஓரம் தான், பழைய துணிய அங்க போட்டா சீக்கிரம் பிஞ்சிடும், அதுக்காக புதுசா கரும்பச்சை பாப்ளின் முக்கா மீட்டர் வாங்குனேன்.

அப்புறம் முதல் துவைப்பு. வெட்டுத்துணி எல்லாத்தையும் ஈர வெள்ளைத் துணியில அழுத்திப் பாத்துத் தான் சேர்த்தேன், ஆனா சிவப்பு சுங்குடி முழுக்க நனைஞ்சப்ப தான் தன் குணத்த காட்டுச்சு. அலசி முடிச்சு பிழிஞ்சா நாலு பூவச் சுத்தி காடா ரோஸ் கலர். இந்த நேரத்துல செய்யவே கூடாதது, பயந்து போய் கொடியில காயப்போடுறது. காஞ்சா சாயம் அங்கயே நின்னுக்கும். ஈரத்தோட அப்படியே அண்டாவுல போட்டு, கை பொறுக்குற சூட்டுல நிறைய தண்ணி விட்டு, நல்லா சோப்புத் தூள் கரைச்சு, போர்வை எந்த இடத்துலயும் மேல துருத்தாம முக்கி ராத்திரி பூரா விட்டேன். தண்ணி கம்மியா இருந்தா இறங்குன சாயம் மறுபடி துணியிலயே ஏறும், தண்ணி அதிகமா இருக்கணும்ங்கிறது தான் இதுல விஷயம். காலையில தண்ணி ரோஸ், மாத்துனேன், சாயங்காலம் லேசா, மறுபடி மாத்துனேன், தெளிவா வந்ததும் அலசி நிழல்ல ரெண்டு கொடி மேல பரப்பி காய வச்சேன், ஒரே கொடியில போட்டா ஈரப் போர்வையோட கனத்துக்கு தையல் இழுபடும். கல் உப்பு போட்டு ஊறவைக்கச் சொல்லி எல்லாரும் சொல்வாங்க, சுங்குடிப் பிட்ட தைக்கிறதுக்கு முன்னாடியே உப்புத் தண்ணியில ஊறவச்சது தான் நான், அதுக்கு அது அசரவே இல்ல.

செலவு சொல்றேன், துணி வெட்டுத்துணி தானேன்னு ஓசியில முடிஞ்சதா நினைச்சுக்காதீங்க. காடா 3½ மீட்டர் 210, பிளானல் 550, பேர்ல் காட்டன் ரெண்டு பந்து 190, ரெண்டாவதுல பாதி மிச்சம், ஊசி 60, பாப்ளின் 70, சாதா நூல்கண்டு எல்லாம் சேர்த்து 100, மாஸ்கிங் டேப் 40. மொத்தம் 1220 ரூபாய். வளையமும் திம்பிளும் ஏற்கனவே இருந்தது. பாத்தவங்கள்ல ஒருத்தர் தைச்சுக் கொடுப்பீங்களா, ரெண்டாயிரம் தர்றேன்னு கேட்டாங்க, சிரிச்சுக்கிட்டே டீ போட்டுக் கொடுத்து அனுப்பிட்டேன்.

மறுபடி இதே செஞ்சா மாத்துறது என்னன்னா, முதல்ல அடித்துணியையும் நடுத்துணியையும் கையில வச்சுக்கிட்டுத் தான் மேல்துணியோட அளவையே முடிவு பண்ணுவேன். சிவப்பும் கருநீலமும் எவ்வளவு அழகா இருந்தாலும் தனித்தனியா ராத்திரி பூரா ஊறவச்சுப் பாத்துட்டுத் தான் சேர்ப்பேன், ஈரத்துணி வச்சு அழுத்திப் பாக்குறதெல்லாம் பத்தாது. ஓரத்துல வர்ற அறுகோணத்த எல்லாம் காடாவா வச்சுடுவேன், வெட்டுறப்ப பூ பாதியா போகாது. ஊக்கு கிடையாது.

ஆனா அடுத்தது இந்த முறையே இல்ல. வட கர்நாடகாவுல எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தின்னு ஒரு போர்வை தைப்பாங்க. பேப்பரும் கிடையாது, தனியா மேல்துணியும் கிடையாது. ஒரு பழைய புடவைய விரிச்சு, வெளி ஓரத்துல இருந்து துண்டுகள ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வச்சு, ஓட்டுத் தையல்லயே நேரா புடவையோட சேர்த்து தைச்சுக்கிட்டு நடுவ நோக்கி வருவாங்க. சேர்க்கிறதும் அடுக்குறதும் ஓரம் கட்டுறதும் எல்லாம் அந்த ஒரே தையல்ல முடிஞ்சிடும், கடைசியில நாலு மூலையிலயும் பூன்னு சொல்லி சின்னத் துண்டு மடிச்சு வைப்பாங்க, அது இல்லாட்டி போர்வை அம்மணம்ங்கிறது அவங்க வழக்கம். துண்டு எந்த வடிவத்துல இருந்தாலும் சரி, 3½க்கு 4ன்னு அளக்க வேண்டியதில்ல. தலகாணி உறை அளவுக்கு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். ஓரம் மூணு சுத்து வந்தாச்சு, நடுவுக்கு வர வர துணி கூடாரம் மாதிரி எழும்புது, ஒவ்வொரு துண்டையும் தரையில வச்சு நீவாம மடியில வச்சே தைக்கிறதால தான்னு தோணுது. அடுத்த சுத்த பலகை மேல வச்சு தைச்சுப் பாக்கணும்.